திருகாணி போடுவதற்கு முன்னால்

எதிர்வீட்டு நாகஜோதியின் கம்ப்யூட்டர் வியாழக்கிழமை பகல் பதினொன்றேகாலுக்கு உயிரை விட்டது. நேரம் இவ்வளவு சரியாக எப்படித் தெரியும் என்றால், அவள் போட்ட "அய்யய்யோ"வைக் கேட்டு நான் குக்கரை மூன்றாவது விசிலிலேயே நிறுத்திவிட்டு ஓடினேன். எட்டிப் பார்க்கிற குணமெல்லாம் எனக்குக் கிடையாது. அவர்கள் வாசல் என் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

நாகஜோதி ஒன்பது வருஷம் பால்ச்சாமியின் டிசைன் சென்டரில் வேலை பார்த்தவள். இராஜபாளையத்தில் யார் வீட்டில் பெண் பெரியவளானாலும், யார் செத்துப்போனாலும், அந்த ஃபிளெக்ஸில் மூஞ்சியை வெள்ளையாக்கிப் பின்னால் ரோஜாப்பூ வைத்தவள் அவள்தான். கீழே போட்டிருக்கிற பெயர் மட்டும் பால்ச்சாமியுடையது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் அவனோடு சண்டை போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். "ஒரு மாசத்துல திரும்பி வந்து நிப்ப, அப்ப உக்கார ஸ்டூல்கூட இருக்காது பாத்துக்கோ" என்று அவன் சொன்னானாம். நான் அங்கே இல்லை. என் தம்பி மகள் அங்கேதான் வேலை பார்க்கிறாள்.

வீட்டில் தனியாகத் தொழில் தொடங்கியவளுக்கு முதல் பெரிய வேலையாக ராம்குமார் ராஜாவின் பேண்டேஜ் கம்பெனி லேபிள் கிடைத்தது. காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணிச் சுருளின் மேல் ஒட்டுகிற லேபிள். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குள் சிவகாசி அச்சகத்துக்கு ஃபைல் போய்ச் சேர வேண்டும். நாலைத் தாண்டினால் அச்சுக்குப் பிளேட் போடுகிற ஆள் கிளம்பிவிடுவார், திங்கட்கிழமை சரக்கு ஏறாது. "உன்னால முடியலைன்னா சங்கடப்படாம சொல்லிரும்மா, பால்ச்சாமிகிட்ட குடுத்துருதேன்" என்று ராம்குமார் ரொம்பத் தன்மையாகச் சொல்லிவிட்டார். அந்தத் தன்மைதான் அவளைத் தூங்கவிடவில்லை. முக்கால்வாசி முடித்த லேபிள் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. கம்ப்யூட்டர் கண்ணைத் திறக்கவில்லை. டிசைன் போடுகிற சாஃப்ட்வேர் உள்ள வேறு இடம் எது என்றால், அது பால்ச்சாமியின் கடை.

அவள் வீட்டுக்காரர் சேதுபதி பதினேழு வருஷம் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்துவிட்டு, இப்போது ஒரு ஸ்பின்னிங் மில் வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். கரண்டு, ஒயர் என்று எதைப் பேசினாலும் "சிக்னல்ஸ்ல நாங்க பாக்காததா" என்று தொடங்குவார். ஊருக்குள் பத்துக் கம்ப்யூட்டர் கடை இருக்க, அவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். அங்கே கடை வைத்திருக்கிற இசக்கிமுத்துவின் அண்ணன் இவரோடு ஜம்முவில் ஒரே கூடாரத்தில் கிடந்தவராம். மதர்போர்டுதான் போய்விட்டது என்று இசக்கிமுத்து தீர்ப்புச் சொல்லி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது போர்டு ஒன்றைக் கொடுத்தான். பழைய போர்டிலிருந்த பிராசஸரையும் மெமரியையும் புதிதில் மாட்டியும் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு நிபந்தனை.

"அண்ணே, நேரா பெட்டிக்குள்ள வச்சு முறுக்கிராதீக. முதல்ல வெளிய வச்சு ஓடுதான்னு பாருங்க. திருகாணி போட்ட தடம் இருந்துச்சுன்னா கம்பெனிக்காரன் திரும்ப எடுக்க மாட்டான்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் காப்பித் தம்ளரோடு போனபோது நாகஜோதி அந்த போர்டை அதன் அட்டைப் பெட்டி மேல் வைக்கப் போய்க்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"ஏட்டி, புதுசா வீட்டுக்கு வந்த பொருள இப்படித்தான் வெறும் அட்டை மேல வைப்பியா? முதமுதல்ல உயிர் குடுக்கப் போற, ஒரு லட்சணம் வேண்டாம்?"

"மதினி, இது சும்மா டெஸ்ட்டு."

"டெஸ்ட்டுன்னா? பிள்ளையக்கூட முதல்ல துணி விரிச்சுத்தானட்டி போடுவோம்."

வீட்டுக்குப் போய் ஒரு அங்கவஸ்திரம் எடுத்து வந்தேன். என் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் எங்க வீட்டுக்காரருக்குப் போட்டது. கரை நாலு விரல் அகலம், அசல் ஜரிகை. எங்க வீட்டுக்காரர் அதை ஒரே ஒரு நாள்தான் போட்டார், பீரோவில் கிடந்தது. நாலாக மடித்து, கரை மேலே தெரிகிறமாதிரி மேசையில் விரித்தேன். போர்டுக்கு ஒரு மூலையில் குங்குமம் வைக்கப் போனேன், நாகஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதோடு விட்டேன்.

சேதுபதி ஒயர்களைச் செருகினார். பெட்டிக்கு வெளியே வைத்துப் பார்க்கிறபோது அதற்கு ஸ்விட்சு கிடையாதாம். ஓரத்தில் நெல்மணி உயரத்துக்கு இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது, திருப்புளி முனையால் இரண்டையும் ஒரு நொடி சேர்த்துத் தொட வேண்டும். தொட்டார். மேலே இருந்த குட்டி ஃபேன் ஒரு உதறு உதறி, பாதிச் சுற்றில் நின்றுவிட்டது.

திரும்பத் தொட்டார். உதறியது, நின்றது.

"ப்ரொசீஜர் இருக்கு" என்றார் சேதுபதி. மெமரியைக் கழற்றி அழி ரப்பரால் தேய்த்து மாட்டினார். உதறியது, நின்றது. பக்கத்து ஓட்டையில் மாற்றி மாட்டினார். உதறியது, நின்றது. போர்டில் இருந்த காசு மாதிரியான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் வெயிலில் வைத்தார். அதை எதற்கு வெயிலில் வைத்தார் என்று இன்றுவரை அவர் யாருக்கும் சொல்லவில்லை.

"சிக்னல்ஸ்ல நாங்க..." என்று ஆரம்பித்தவரை நாகஜோதி பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் வரவில்லை.

"என்னங்க, மணி பத்தாகப் போகுது. போர்டுதான் கோளாறு. கொண்டுபோய் மாத்திட்டு வாங்க. இல்ல, நீங்க இருங்க, நானே வாரேன். உங்கள விட்டா அவன் அண்ணன் கதைய கேட்டுட்டு மத்தியானம் வருவீக."

இருவரும் பைக்கில் போனார்கள். நான் கூடப் போகவில்லை. பைக்கில் மூன்றாவது ஆளுக்கு இடம் இல்லை என்பது ஒரு காரணம். போயிருந்தால் அன்றைக்குப் பாதிப் பாடு மிச்சமாகியிருக்கும், ஆனால் அது அப்போது யாருக்குத் தெரியும்?

பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்தார்கள். நாகஜோதியின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டேன், ஆனாலும் கேட்டேன்.

"மாத்திட்டானா?"

"அங்க ஓடுது மதினி."

"என்னது?"

"அங்க வச்சா ஜம்முனு ஓடுது. ஃபேன் சுத்துது, ஸ்கிரீன்ல எழுத்து வருது. மூணு தடவ போட்டுக் காமிச்சுட்டான். எனக்கு அவன் முன்னால நாக்கப் புடுங்கிக்கலாம்போல ஆயிருச்சு. உங்க வீட்டுப் பவர் சப்ளைதான் போயிருக்கும்னு சொல்லி அவன் கடைல ஓடுற டப்பாவையே கழத்திக் குடுத்து விட்டுருக்கான்."

சரி, பவர் சப்ளைதான் வில்லன் என்று எங்கள் எல்லாருக்கும் ஒரு நிம்மதி. போர்டை மறுபடியும் மேசையில் வைத்தார்கள். துணி கொஞ்சம் கசங்கியிருந்தது, நான்தான் நீவி விட்டேன். புது டப்பாவின் ஒயரைச் செருகி, கம்பியைத் தொட்டார்கள்.

உதறியது. நின்றது.

நாகஜோதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லவாவது ஒரு வேலை கிடைத்திருக்கும். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஸ்டூல்கூட இருக்காதுன்னு சொன்னான்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

சேதுபதி விடவில்லை. இந்தத் தடவை குற்றவாளி வீட்டுக் கரண்டு. "வோல்ட்டேஜ் ட்ராப். இந்த வரிசை வீடு பூராவும் ஒரே ஃபேஸ் லைன். அக்கா, உங்க வீடு எதிர் வரிசை, வேற ஃபேஸ். உங்க வீட்ல இருந்து ஒரு லைன் குடுங்க" என்றார். என் வீட்டு ஹாலிலிருந்து தெருவைக் குறுக்கே கடந்து ஒயர் இழுத்தார். அந்த ஒரே பிளக்கில்தான் என் டி.வி. மாட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த நாடகத்தில் மருமகள் மாமியாரை அறையப் போகிற நேரத்தில் டி.வி.யைப் பிடுங்கினார். நான் விட்டுக்கொடுத்தேன். அடுத்த வீட்டாருக்கு ஒரு கஷ்டம் என்றால் நான் அப்படித்தான்.

தெருவுக்குக் குறுக்கே கிடந்த ஒயர் மேல் ஒரு ஆட்டோ ஏறிப் போயிற்று. ஒரு பால்காரர் நின்று, "என்ன, விசேஷமா?" என்று கேட்டார். என் வீட்டுக் கரண்டிலும் அது உதறியது, நின்றது.

"போர்டுக்கு இந்த வீட்ட புடிக்கல" என்றேன்.

"மதினி, செத்த நேரம் வாய மூடிக்கிட்டு இருக்கீகளா?" என்றாள் நாகஜோதி. இரண்டு மாதமாக எதிரெதிர் வீட்டில் இருக்கிறோம், அவள் என்னிடம் இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் இருந்தேன். முடிவு தெரியாமல் எப்படிப் போவது?

ராம்குமார் போன் பண்ணினார். அவள் ஸ்பீக்கரில் போடவில்லை, ஆனால் அவர் குரல் கனத்த குரல்.

"என்னம்மா, ஆச்சா?"

"இந்தா ஆகிக்கிட்டே இருக்குண்ணே."

"நாலு மணிம்மா."

"தெரியும்ண்ணே."

"பால்ச்சாமி இப்பத்தான் போன் பண்ணான். அவன் ஆள் ரெடியா இருக்கானாம். நான் ஒண்ணும் சொல்லல. சும்மா சொன்னேன்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். மானிட்டர் நீங்கலாக எல்லாவற்றையும் கழற்றினாள். போர்டு, இரண்டு பவர் சப்ளை, ஹார்டு டிஸ்க், வெறும் பெட்டி, கீபோர்டு, மவுஸ், வீட்டிலிருந்த அத்தனை ஒயர். ஒரு பெரிய ஒயர்க்கூடையிலும் ஒரு கட்டைப்பையிலும் அடைத்தாள். "மொத்தத்தையும் அவன் முன்னால கொட்டப் போறேன். எது கோளாறுன்னு அவனே சொல்லட்டும்."

அவ்வளவையும் பைக்கில் கொண்டுபோக முடியாது. பஸ்தான். கூடைக்கு ஒரு ஆள், பைக்கு ஒரு ஆள், பெட்டிக்கு ஒரு ஆள். "எனக்கும் அங்க மடவார் வளாகக் கோயில்ல வைத்தியநாத சுவாமியப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்று சொல்லி நானும் கிளம்பினேன். அந்தத் துணியை மடித்துக் கூடையில் போர்டுக்கு மேல் வைத்தேன். பஸ்ஸில் யார் கைபடுமோ, கால்படுமோ.

ஒன்றேகால் பஸ். மில் ஷிப்ட் முடிந்த கூட்டம். கண்டக்டர் பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் போடுவேன் என்றார். சேதுபதி தான் எக்ஸ் சர்வீஸ்மேன் என்றார். "அப்ப பெட்டியும் எக்ஸ் சர்வீஸ்மேனா?" என்று கண்டக்டர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. நாகஜோதி சிரிக்கவில்லை, அந்த நேரம் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இசக்கிமுத்துவின் கடை கட்டில் அகலம் இருக்கும். அவன் சாப்பிடப் போவதற்காக ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தான். எங்களைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, நீங்களா? மறுபடியுமா?"

"தம்பி, உன் டப்பாலயும் ஓடல. எதிர்வீட்டுக் கரண்டுலயும் ஓடல. நீ எங்க வீட்டுக்கு வா, இல்லன்னா இத நீயே வச்சுக்கோ."

"இருங்கக்கா, கோவப்படாதீக. ஒவ்வொண்ணாப் பாப்போம்." அதற்குள் அவனுக்கு ஒரு போன் வந்தது. ஷட்டருக்கு வெளியே போய் நின்று பேசினான்.

அவன் வேலை பார்க்கிற மேசையில் காலையில் போர்டை வைத்து ஓட்டிக் காட்டினானாமே, அந்த அட்டை கிடந்தது. டீ சிந்தின வட்டம், ஈயம் ஒழுகின கறை, பூரா அழுக்கு. அதில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு, கூடையிலிருந்து அங்கவஸ்திரத்தை எடுத்து விரித்தேன். நாகஜோதி போர்டை அதன்மேல் வைத்து, அவசரத்தில் அவளே ஒயர்களைச் செருகி, திருப்புளியால் தொட்டாள்.

உதறியது. நின்றது.

"இந்தா பாத்தியா! இந்தா பாத்தியா!" என்று கத்தினாள். ஒரு கோளாறைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை. "உன் கடைலயும் ஓடல! இப்ப என்ன சொல்லுத?"

இசக்கிமுத்து போனை அணைத்துவிட்டு ஓடி வந்தான். போர்டைத் தூக்கினான். பின்பக்கத்தைப் பார்த்தான். ஓரமாகக் கிடந்த அட்டையை இழுத்து, போர்டை அதன்மேல் வைத்துத் தொட்டான். ஃபேன் நிற்காமல் சுற்றியது. ஸ்கிரீனில் வெள்ளை எழுத்து வந்தது. அணைத்தான். துணிமேல் வைத்தான், தொட்டான். உதறியது, நின்றது.

அவன் டிராயரிலிருந்து மஞ்சள் நிற மீட்டர் ஒன்றை எடுத்தான். அதன் இரண்டு ஊசியையும் என் துணியின் கரையில் ஒரு சாண் தள்ளித் தள்ளி வைத்து அழுத்தினான். மீட்டர் 'கீ' என்று கத்தியது.

"இது யாரு துணி?"

"என்னோடதுதான் தம்பி. ஏன்?"

"இது என்ன, கில்ட்டா, பிளாஸ்டிக்கா?"

கேட்டானே ஒரு கேள்வி. "பிளாஸ்டிக்கா? யாரப் பாத்துக் கேக்க? அசல் ஜரிகை. உள்ள செம்புக் கம்பி, மேல வெள்ளி முலாம். எங்க சம்பந்தி விசாரிச்சு விசாரிச்சு வாங்குனது."

"அதான்க்கா" என்றான் அவன். "இது துணி இல்ல, ஒயரு. போர்டுக்குப் பின்னாடி இருக்குற அம்புட்டுப் புள்ளியையும் இது ஒண்ணாச் சேத்துருது. கரண்டு வந்தவொடன சப்ளை பயந்துபோய்த் தானே நிறுத்திருது. நல்லவேளை, நிறுத்துச்சு. இல்லன்னா போர்டு கருகியிருக்கும்."

சேதுபதி மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "ஷார்ட் சர்க்யூட்" என்றார், ஏதோ தானே கண்டுபிடித்தமாதிரி. காலையிலிருந்து அதே துணிமேல் வைத்து இத்தனை தடவை ஓட்டியது இந்தச் சிக்னல்ஸ்காரர்தான் என்பதை நான் அங்கே ஞாபகப்படுத்தியிருக்கலாம். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என் நிலைமை அப்படி.

நாகஜோதி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. துணியை எடுத்து மடித்து என் கையில் கொடுத்தாள். கடைசி மடிப்பை மட்டும் கொஞ்சம் அழுத்தி மடித்தாள்.

"மணி என்ன?"

"ரெண்டு நாப்பது" என்றார் சேதுபதி. "பஸ் மூணுக்கு. வீட்டுக்குப் போக மூணரை. பொறவு மாட்டி..."

"வீட்டுக்குப் போகல. இங்கனயே முடிக்கேன்."

"அக்கா, நான் இன்னும் சாப்பிடல" என்றான் இசக்கிமுத்து.

"போய்ச் சாப்பிட்டு வா. நான் உன் கடையத் தூக்கிட்டுப் போகமாட்டேன்."

"பெட்டிக்குள்ள மாட்டவாவது..."

"ஒண்ணும் மாட்ட வேண்டாம். இப்படியே கெடக்கட்டும். ஹார்டு டிஸ்க்க மட்டும் செருகிக் குடு."

அந்த அழுக்கு அட்டைமேல் போர்டு எலும்பும் நரம்புமாகத் திறந்து கிடக்க, பக்கத்தில் ஹார்டு டிஸ்க் ஒயரில் தொங்க, அவள் அவனுடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். உடனே எங்கே வேலை செய்கிறது? புது போர்டைப் பழைய டிஸ்க் அடையாளம் கண்டுகொள்ள வேண்டுமாம். 'தயாராகிறது' என்று ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினைந்து சதவீதத்தில் பத்து நிமிஷம் நின்றது. சேதுபதி ஏதோ ப்ரொசீஜர் சொல்ல வாயைத் திறந்தார். "நீங்க வெளிய நில்லுங்க" என்றாள். அவர் வெளியே போய் நின்றார். நான் உள்ளேயே இருந்தேன், என்னை யாரும் போகச் சொல்லவில்லை.

மூன்று பத்துக்கு அவள் திரை வந்தது. லேபிளைத் திறந்தாள். பேட்ச் நம்பர் கட்டம், எக்ஸ்பயரி தேதிக் கட்டம், ஓரத்தில் நீலக் கோடு. அவள் கை வேலை செய்ததை நான் அதுவரை பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. பேசிக்கொண்டே பார்க்கிற வேலை இல்லை அது. நடுவில் தெரியாமல் என் முழங்கை ஒரு ஒயரில் பட்டது. அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "மதினி, கைய மடில வைங்க" என்றாள்.

மூன்று நாற்பத்தெட்டுக்கு ஃபைல் முடிந்தது. இசக்கிமுத்து கடை நெட் அன்றைக்கென்று படுத்துவிட்டது. "என்னங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெரு நாய் எழுந்து போனது. சேதுபதி தன் செல்போனில் நெட்டைப் போட்டு, சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து ஷட்டருக்கு வெளியே கையை உயர்த்தி நின்றார். பதினேழு வருஷப் படிப்புக்கு அன்றைக்குத்தான் உருப்படியான வேலை வந்தது.

ஃபைல் அச்சகத்துக்கும் ராம்குமாருக்கும் போனது. மூன்று ஐம்பத்துமூன்று. ராம்குமாரிடமிருந்து போன்.

"பாத்தேன்மா. நல்லாருக்கு. 'ஸ்டெரைல்'னு போட்டுருக்கேல்ல, அத மட்டும் கொஞ்சம் பெருசு பண்ணிரும்மா."

"எம்புட்டுண்ணே?"

"கண்ணுக்குத் தெரியிற மாதிரி."

போனை வைத்துவிட்டு அவள் சொன்ன வார்த்தையை நான் இங்கே எழுதவில்லை. எழுத்தைப் பெரிசாக்கினாள். பக்கத்து எழுத்து கோட்டுக்கு வெளியே போனது. அதைச் சரி பண்ணினாள். மறுபடியும் அனுப்பினாள். சேதுபதியின் கை மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தது. "இறக்கிராதீக!" என்றாள். பெயர் தெரியாத ஒரு பெரியவர் தெருவில் நின்று அவர் எதற்குக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்று மேலே பார்த்தார்.

மூன்று ஐம்பத்தொன்பதுக்கு ராம்குமார் சொன்னார்: "பிரஸ்ல வந்துருச்சாம். திங்கக்கிழமை இன்னும் ரெண்டு சைசுக்கு லேபிள் இருக்கு, அனுப்பி விடுதேன். பால்ச்சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"சரிண்ணே" என்றாள். அவ்வளவுதான். நான் ஏதாவது பெரிசாக எதிர்பார்த்தேன். சிரிப்போ, அழுகையோ. அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில் இடம் கிடைத்தது. நான் வைத்தியநாத சுவாமியைப் பார்க்கவில்லை. மடியில் அங்கவஸ்திரத்தை வைத்துக்கொண்டு, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று ஊர் எல்லை வரை யோசித்தேன்.

"ஏட்டி, நல்லதுக்குத்தானட்டி விரிச்சேன்."

"தெரியும் மதினி."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல." காலடியில் சரிந்த கூடையை இழுத்து நிறுத்தினாள். "திங்கக்கிழமைல இருந்து நீங்க சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க. காப்பி போட்டுத் தாரேன். பகல்ல வேண்டாம். எனக்கு வேலை கெடக்கு."

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வாசல் கதவைச் சாத்தினாள். அவர்கள் குடிவந்து இரண்டு மாதத்தில் பகலில் அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை. ஒரு பையன் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து ஏதோ கவர் கொண்டுவந்தான், கதவு ஒரு சாண் திறந்தது, கவர் உள்ளே போனது, மூடிக்கொண்டது. பெரிய சைசா, சின்ன சைசா, என்ன நிறக் கோடு, ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலில் நின்று நின்று என் சாம்பார்தான் அடிப்பிடித்தது. மணி இப்போது மூன்றேகால். ஐந்துக்கு இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம் கிடக்கிறது.